ரெட்டுன்னா ரத்தமாண்ணே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் 31 வருடமாக மைக்செட் தொழில் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், இழவு வீடு என்று குழாய் கட்டாத இடம் இல்லை. குழாய்க்குக் கெடுபிடி வந்தபிறகு பாக்ஸுக்கு மாறினேன். இப்போது பத்து வருடமாக ஆஸ்பத்திரி, துணிக்கடை, மண்டபம் மாதிரி இடங்களில் கூரையில் பதிக்கிற சின்ன ஸ்பீக்கர்களும் மாட்டித் தருகிறேன். அதனால் எங்கே போனாலும் ஸ்பீக்கரில் என்ன சொல்கிறார்கள் என்று காது தானாகப் போய்விடும், ஆம்ப்ளிஃபயர் எந்தக் கம்பெனி என்று யோசிக்கிற கெட்ட பழக்கமும் உண்டு. அப்படிக் கேட்ட ஒரு அறிவிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும் என்று தெரியும். வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ரத்தம் கொடுக்க வந்தவரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன மாதம் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன். ஊர், ஆஸ்பத்திரிப் பெயர் எல்லாம் வேண்டாம், பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடி. ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், வராந்தாவில் நாற்காலியை ஒட்டிப் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் படுத்திருந்தோம். அப்போது கூரையில் 'டிங்' என்று ஒரு மணி, அதன்பின் ஒரு பெண் குரல், ரொம்ப நிதானமாக, விமானத்தில் சொல்கிற மாதிரி: "கோட் ரெட், செகண்ட் ஃப்ளோர், பேன்ட்ரி." மூன்று தடவை சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

எனக்கு அது என்னவென்று தெரியும். ஏனென்றால் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தபோது அங்கே ஒத்திகை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கோட் ரெட் என்றால் தீ. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், சாப்பாடு சூடு பண்ணுகிற அறையில் தீ. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், தம்பி பைக்கில் விழுந்து ஐசியூவில் இருக்கிறான் என்று சாயங்காலம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சடக்கென்று எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ரெட்டுன்னா ரத்தமாண்ணே? எனக்கு ஓ பாசிட்டிவ்தான். செகண்ட் ஃப்ளோர்தானே சொன்னாங்க?" சொல்லிக்கொண்டே போய் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அண்ணே, ரத்தம் இல்லண்ணே, தீ." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தீயா? அப்பத் தீன்னு சொல்ல வேண்டியதுதானே?"

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. தீ இருக்கிற மாடிக்கு, லிஃப்டில் ஏறி, தன் ரத்தத்தைக் கொடுக்கப் போன மனுஷன் அவர். அவரை அங்கே அனுப்பப் பார்த்தது அந்த அறிவிப்புதான்.

துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒருவர் பக்கெட்டோடு அங்கேயே நின்றார். கழுத்தில் அடையாள அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை, அதில் ஏழு கலரில் ஏழு கட்டம், அத்தனையும் இங்கிலீஷில். "எனக்குப் பிங்க் மட்டும் தெரியும்ணே, பச்சப்பிள்ளை காணாமப் போறது. மத்ததெல்லாம் கார்டுல இருக்கு" என்றார். கார்டைத் திருப்பி என்னிடமே காட்டினார், நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். கால் மணி நேரம் கழித்து அதே குரல் "கோட் ரெட், ஆல் கிளியர்" என்றது. ரொட்டி வாட்டுகிற அடுப்பில் ஏதோ கருகிப் புகைந்திருக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் கவுன்ட்டரில் கேட்டேன். "அது ஸ்டாஃபுக்கான அனவுன்ஸ்மென்ட் சார். பப்ளிக் பேனிக் ஆகக்கூடாதுன்னுதான் கோட்ல சொல்றோம்" என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார்.

சரி, கோடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோட் புளூ என்றால் யாருக்கோ இதயம் நின்றுவிட்டது, அதற்கென்று இருக்கிற டாக்டரும் நர்ஸும் தள்ளுவண்டியோடு ஓட வேண்டும். அதில் நானும் நீங்களும் செய்ய ஒன்றும் இல்லை, வழியை விட்டு ஒதுங்கி நிற்பதைத் தவிர. "நாலாவது மாடியில் ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டது" என்று மைக்கில் சொன்னால் அது அநாகரிகம், அந்தக் குடும்பம் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் கோட் சரி. ஆனால் இப்போது கோட் புளூ என்றால் என்னவென்று போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். "கோட் புளூ, ஐசியூ" என்று வந்தவுடன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும், ஐசியூவில் ஆள் வைத்திருக்கிற அத்தனை பேரும், ஒரே நேரத்தில் எழுந்து கதவைப் பார்ப்பதை அந்த ஐந்து நாளில் இரண்டு தடவை பார்த்தேன். உசிலம்பட்டிக்காரர் இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பிவிட்டார். இதைக் கூரை ஸ்பீக்கரில் ஏன் சொல்ல வேண்டும்? சம்பந்தப்பட்ட டாக்டர்களின் போனுக்கே அனுப்பலாம், அதற்கு வசதி வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஸ்பீக்கர் மாட்டுகிறவனே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலர்கள் உலகம் முழுக்க ஒன்று என்றாவது நினைத்தேன். அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கோட் ஆரஞ்சு என்றால் கட்டடத்தை விட்டு வெளியேறு என்று அர்த்தம். கனடாவில் அதே ஆரஞ்சு, வெளியே ஏதோ பெரிய விபத்து, அடிபட்டவர்கள் கூட்டமாக வரப்போகிறார்கள் என்று அர்த்தம். கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு என்றால் ஆபத்தான ரசாயனம் கொட்டிவிட்டது. நம்மூர் நர்ஸ் பிள்ளைகள் நாடு நாடாகப் போய் வேலை செய்கிறார்கள், போகிற இடத்தில் எல்லாம் வானவில்லைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும் போல. அமெரிக்காவில் போலீஸும் தீயணைப்புப் படையும் ஒயர்லெஸில் எண்களை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். பல துறைகள் சேர்ந்து வேலை செய்கிற பேரிடர்களில் அது வேண்டாம், சாதாரண மொழியில் பேசுங்கள் என்று அங்கே மத்திய அரசு 2006 முதல் மானியத்துக்கே நிபந்தனை வைத்தது. ஒரு ஊர் போலீஸின் எண் பக்கத்து ஊர் போலீஸுக்குப் புரியவில்லை என்பதுதான் காரணம். யூனிஃபார்ம் போட்டவர்களுக்கே அந்த நிலைமை.

என் அக்கா மகன் லண்டனில் இருக்கிறான். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தான். "மாமா, இங்க இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ்னு ஒருத்தர் இருக்கார், ஆனா இல்லை" என்றான். அங்கே ரயில் நிலையங்களில் எங்காவது தீ அலாரம் தூண்டப்பட்டால், பதிவு செய்த குரல் ஒன்று தானாக ஓடும்: இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு வரவும் என்று. அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாது. அந்தக் காலத்து நாடகக் கொட்டகைகளில் தீயை அணைக்க வாளியில் மணல் வைத்திருப்பார்கள் இல்லையா, சாண்ட் என்றால் மணல், அதிலிருந்து நாடகக்காரர்கள் 'மிஸ்டர் சாண்ட்ஸ்' என்று சங்கேதம் வைத்தார்கள், அது ரயிலுக்கு வரும்போது பதவி உயர்ந்து இன்ஸ்பெக்டராகிவிட்டது.

கேட்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் முக்கியமான விஷயத்தை அவன் அதற்கப்புறம்தான் சொன்னான். அந்தச் சங்கேதம் எதற்கு என்றால், நிலைய ஊழியர்கள் ஓடிப்போய் நிஜமாகவே தீயா, யாராவது சிகரெட் பிடித்தார்களா என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கத்தான். பார்த்து, பொய் அலாரம் என்றால் நிறுத்திவிடுவார்கள். நிஜம் என்றால் அடுத்த அறிவிப்பு வேறு: அவசர நிலை, எல்லாப் பயணிகளும் உடனே நிலையத்தை விட்டு வெளியேறுங்கள். அதில் சாண்ட்ஸும் கிடையாது, கலரும் கிடையாது.

அதாவது அவர்களிடம் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி ஊழியர்களுக்கு, இரண்டாம் பாதி நமக்கு. நாம் முதல் பாதியை மட்டும் இறக்குமதி செய்து கூரையில் மாட்டியிருக்கிறோம். என் தொழில்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஸ்பீக்கர் போடும்போது "தமிழில் ஒரு பதிவு வேண்டாமா சார்" என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தக் கோட் முறை வந்த நாடுகளில் பெரும்பாலும் பார்வையாளர் நேரம் முடிந்தால் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி பத்தே முக்காலுக்கு வார்டில் இருப்பது நோயாளியும் நர்ஸும்தான். நம் ஊரில் அப்படியா? ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பாய், பாயில் ஒரு மகனோ மருமகளோ சித்தப்பாவோ. மருந்து வாங்குவது, ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலி தள்ளுவது, ராத்திரி யூரின் பையைப் பார்த்து நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள்தான். நிஜமாகவே தீ என்றால் நோயாளியைத் தூக்கப்போகிற கைகளில் பாதிக்கு மேல் அந்தக் கைகள்தான். அவர்களிடமிருந்து மறைத்துத்தான் அறிவிக்கிறோம். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அடித்தளத்தில் பிடித்த தீயில் ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் படுக்கையில் இருந்த நோயாளிகள், புகையில் மூச்சு முட்டி. நகர முடியாதவர்கள் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு கூடுதல் கையும் எவ்வளவு பெரிய விஷயம்!

இனி அந்த 'பேனிக்' விஷயத்துக்கு வருகிறேன். ஜனங்களிடம் உண்மையைச் சொன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி ஒருவரை ஒருவர் மிதித்துச் சாவார்கள் என்கிற எண்ணம் எல்லா நிர்வாகிகளிடமும் இருக்கிறது, கோயில் கமிட்டித் தலைவரில் ஆரம்பித்து. இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் மான்யுமென்ட் என்கிற சுரங்க ரயில் நிலையத்தில் ப்ரூ, சைம் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள், 1991இல் முடிவு வெளியானது. நிலையத்தைக் காலி செய்கிற ஒத்திகையை ஐந்து விதமாக நடத்தினார்கள். மணி மட்டும் அடித்தபோது ஜனங்கள் ஓடவில்லை, நகரவே இல்லை, ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். காலியாகக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆனது. என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது ஆறு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே. தெளிவாகச் சொன்னதால் யாரும் மிதிபடவும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முந்தி, ஒரு கிராமத்துத் திருவிழா, ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். பெரிய கீற்றுப் பந்தல், அதற்குள் நானூறு ஐந்நூறு பேர், பாதிப் பேர் பிள்ளைகளை மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டு. வேட்டுப்பொறி ஒன்று பந்தலின் மேற்கு மூலையில் விழுந்து கீற்று புகைய ஆரம்பித்தது. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்ததால் மேலே பார்க்க முடிந்தது. கமிட்டிக்காரர் ஓடி வந்து என் காதில் சொன்னது இதுதான்: "தீன்னு சொல்லிராதப்பா, ஜனம் மிதிச்சுக்கும். பாட்டுப் போடு." பாட்டுப் போடச் சொன்னார்! ஒரு வினாடி கை கேசட் பக்கம் போனது என்பதும் நிஜம், அவர்தானே காசு கொடுக்கிறவர். அப்புறம் மைக்கை எடுத்து, "பந்தல் மேற்கு மூலையில தீப்பிடிச்சிருக்கு. எல்லாரும் எந்திரிச்சுக் கிழக்கால கம்மாக்கரைக்குப் போங்க. பிள்ளைகளத் தூக்கிக்கங்க. செருப்பு, சாமான் எதையும் தேடாதீங்க" என்றேன். நிறுத்தி மறுபடி அதையே. ஆறேழு தடவை சொல்லியிருப்பேன். ஜனங்கள் எழுந்தார்கள், மேற்கே திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், கம்மாக்கரைக்கு நடந்தார்கள். ஒரு கிழவி மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே போனது, நாடகத்தைக் கெடுத்துவிட்டேனாம். பந்தல் முழுக்க எரிந்தது. என் இரண்டு குழாயும் ஒரு யூனிட்டும் போனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, மறுநாள் காலையில் குவியல் குவியலாகக் கரிந்த செருப்பு.

1977 மே மாதம் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்கிற பெரிய விருந்து விடுதியில் தீப்பிடித்தது. அங்கே மேசை துடைக்கிற பையன் வால்டர் பெய்லி, 18 வயது. நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த மேடையில் ஏறி, மைக்கை வாங்கி, கட்டடத்தில் தீ, வெளியே போகிற கதவுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன என்று கைகாட்டிச் சொன்னான். சிலர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்களாம். ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் அவன் பேச்சைக் கேட்டு எழுந்து பிழைத்தார்கள். மொத்தத்தில் 165 பேர் இறந்த தீ அது, அந்தப் பையன் மேடை ஏறவில்லை என்றால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும்! இருபது வருடம் கழித்து, 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். கீழே கார் நிறுத்துமிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிகிறது, மேலே படம் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் மைக் எடுக்கவில்லை, ஒரு அறிவிப்பும் இல்லை. பால்கனியில் இருந்தவர்கள் புகை வந்தபிறகுதான் எழுந்தார்கள். 59 பேர். அங்கே யாரும் பேனிக் ஆகிவிடக்கூடாது என்று யாராவது நினைத்தார்களா, அல்லது யாருக்குமே தோன்றவில்லையா, எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சங்கேதமும் புரியாத பாஷையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்டோனியா கப்பல். 1994 செப்டம்பர் 28 அதிகாலை, தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போகிற வழியில் பால்டிக் கடலில் முன்கதவு பிய்ந்து கப்பல் கவிழ்ந்தது. 989 பேரில் 852 பேர் போய்விட்டார்கள். கப்பல் சாயும்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், மெலிந்த குரலில், ஆபத்து, ஆபத்து, கப்பலில் ஆபத்து என்று எஸ்டோனிய மொழியில் சொன்னது. பயணிகளில் பெரும்பாலோர் ஸ்வீடன்காரர்கள். அடுத்து வந்தது, 'மிஸ்டர் ஸ்கைலைட்' ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகவும் என்று ஊழியர்களுக்கான சங்கேதம். தூங்கி எழுந்த ஸ்வீடன்காரருக்கு ஸ்கைலைட் யாரோ, ஒன்று எதுவோ, இரண்டு எதுவோ. நல்ல அறிவிப்பு வந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், கப்பல் அவ்வளவு வேகமாகச் சாய்ந்துவிட்டது. ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தை புரியாமலே போனார்களே என்று நினைக்கும்போது உசிலம்பட்டிக்காரரின் மடித்த சட்டைக் கைதான் ஞாபகம் வருகிறது.

புரிகிற மாதிரி சொன்னால் மட்டும் போதாது, சரியாகவும் சொல்ல வேண்டும், அது வேறு தலைவலி. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் முதல் கோபுரத்தில் விமானம் மோதியதும், இரண்டாவது கோபுரத்தில் இருந்தவர்களுக்கு உங்கள் கட்டடம் பாதுகாப்பானது, அலுவலகத்துக்கே திரும்பலாம் என்று சுத்தமான இங்கிலீஷில் அறிவித்தார்கள், சில நிமிடத்தில் அங்கேயும் மோதியது. 2014இல் தென்கொரியாவின் செவோல் கப்பலில் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள், 304 பேர். நம் பக்கம் 2025 பிப்ரவரி 15 ராத்திரி புதுடெல்லி ரயில் நிலையத்தில் கும்பமேளாவுக்குப் போன கூட்டத்தில் 18 பேர் நசுங்கிச் செத்தார்களே, அங்கே பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ், பிரயாக்ராஜ் ஸ்பெஷல் என்று ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வண்டி, அறிவிப்பைக் கேட்டு ஜனங்கள் குழம்பிவிட்டார்கள் என்று போலீஸே சொன்னது. மைக் பிடிக்கிற கைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அதைத் தவிர இதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

குரலே வேண்டாம், எல்லாம் திரையில் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனையும் அவ்வப்போது வரும். சென்னை சென்ட்ரலில் 2023 பிப்ரவரி கடைசியில் அறிவிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். கண் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேள்வி வந்தது, சில நாளிலேயே குரல் திரும்பிவிட்டது.

பிள்ளை காணாமல் போவதில் மட்டும் எனக்கு இரண்டு மனம். அமெரிக்காவில் 1981இல் ஒரு கடையில் கடத்திக் கொல்லப்பட்ட ஆடம் வால்ஷ் என்கிற ஆறு வயதுப் பையனின் பெயரில் கோட் ஆடம் என்று வைத்திருக்கிறார்கள், வால்மார்ட் 1994இல் ஆரம்பித்தது. அது கேட்டதும் கடை ஊழியர்கள் வாசல்களுக்குப் போய் நின்றுவிட வேண்டும். கடத்துகிறவனுக்கு விஷயம் போகாமல் கதவை மறிப்பதற்குச் சங்கேதம் நியாயம்தான். நம்மூர்த் திருவிழாவில் நேர் எதிர்: "ஊதாச் சட்டை, கழுத்துல கறுப்புக் கயிறு, பேரு இன்னது" என்று எல்லாவற்றையும் மைக்கில் கொட்டிவிடுவோம். ஒரு தடவை அழகர் இறங்குகிற கூட்டத்தில் வயதான ஏட்டையா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பேரச் சொல்லாதப்பா. பிள்ள இங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. பேரு, சட்டை, நகை எல்லாம் வர்றவன் சொல்லட்டும், சரியாச் சொன்னாத்தான் கொடுப்பேன்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். மறைக்க வேண்டியதை மறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

தொழில் விஷயமாக ஒன்று. தேர் வீதியில் 100 மீட்டருக்கு ஒரு குழாய் கட்டினால் தூரத்துக் குழாயின் சத்தம் கால் நொடிக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பிந்தி வரும், சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வேகமாகப் பேசினால் ஒரு வார்த்தைமேல் இன்னொரு வார்த்தை ஏறி வெறும் இரைச்சலாகிவிடும். உயரமான கூரையும் கண்ணாடிச் சுவரும் இருக்கிற மால்களிலும் அதே கதைதான். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், புரிவது கூடாது. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், நடுவில் நிறுத்த வேண்டும், முதலில் எங்கே, அப்புறம் என்ன, அப்புறம் எந்தப் பக்கம். அப்புறம் பேட்டரி. தீ என்றதும் முதலில் கரண்ட்டைத்தான் வெட்டுவார்கள், ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக பேட்டரி இல்லை என்றால் எந்தப் பாஷையில் எழுதி வைத்தும் பிரயோஜனம் இல்லை. நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் பாதியில் அந்த பேட்டரி ஊதிப்போய்த்தான் கிடக்கிறது.

2023இல் ஒருநாள் எல்லாருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கிறதா, பேரிடர் எச்சரிக்கை ஒத்திகை என்று தமிழிலும் செய்தி வந்தது. அரசாங்கமே தமிழில் அலற முடியும் என்றால் ஒரு கட்டடத்தால் முடியாதா? அதிகாரிகளுக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி, தியேட்டர், மால், மண்டபம் எதற்கும் தீயணைப்புத் துறைச் சான்று கொடுக்கும்போது, தமிழில் பதிவு செய்த அறிவிப்பு இருக்கிறதா, பேட்டரியில் ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வடக்கத்திப் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிற இடம் என்றால் இந்தியிலும் சேர்த்துச் சொல்லட்டும், அதில் எனக்குக் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை. ஒத்திகையைத் துப்புரவு அம்மாவையும் வாட்ச்மேனையும் முன்னால் நிறுத்தி நடத்துங்கள். கலர் அட்டை இருந்துவிட்டுப் போகட்டும், பின்பக்கம் தமிழில் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்?

பதிவு செய்து தர யாருக்காவது ஆள் வேண்டும் என்றால் நான் தயார், காசு வேண்டாம். எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன்: "கவனியுங்கள். இரண்டாவது மாடியில் தீப்பிடித்திருக்கிறது. லிஃப்டில் ஏறாதீர்கள். நடக்க முடிந்தவர்கள் படி வழியாகக் கீழே இறங்குங்கள். நோயாளியோடு இருப்பவர்கள் நோயாளியை விட்டுப் போகாதீர்கள், நர்ஸ் சொல்கிறபடி கட்டிலைத் தள்ளுங்கள்." நிதானமாகப் படித்தால் 25 நொடிக்குள் முடிகிறது. வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அடுப்படியில் இருந்த என் மனைவி, "எல்லாம் சரி, படி எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

எழுதிச் சேர்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்திருக்கிறேன், மூன்றாவது மாடியில் எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்டால் சொல்வேன், பதினாலு. படி எந்தப் பக்கம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. ஐந்து நாளும் லிஃப்டில்தான் போய் வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மைக்செட்காரர், மதுரை.
(பெயர் போட வேண்டாம். மாமியாருக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை.)